மார்ஷலா, ஹாம்பர்க்கா? பஸ் தடத்துக்கு எந்தச் சோதனையை நம்புவது

சிங்கப்பூரில் மழை விட்டதும் பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது தரையைக் கவனித்திருக்கிறீர்களா? சில இடங்களில் டயர் போகும் தடத்தில் மட்டும் இரண்டு நீளக் கோடுகளாகத் தண்ணீர் தேங்கியிருக்கும். பஸ் பிரேக் பிடித்து நிற்கும் முனையில் தார் முன்னால் தள்ளப்பட்டு, மேலே போட்ட மஞ்சள் கோடும் சேர்ந்து நெளிந்திருக்கும். தார்க்கலவை ஆய்வகத்தில் வேலை செய்யும் எனக்கு அந்த நெளிவைப் பார்த்தால் ஒரே கேள்விதான் எழுகிறது: இந்தக் கலவையை எந்தச் சோதனை தேர்ச்சி பெற வைத்தது?

பெரும்பாலும் பதில் மார்ஷல். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநில நெடுஞ்சாலைத் துறையில் புரூஸ் மார்ஷல் 1930களின் இறுதியில் உருவாக்கிய முறை இது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானத் தளங்களுக்காக அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் அதைச் செம்மைப்படுத்தினார்கள். சுமார் 1,200 கிராம் சூடான கலவையை 101.6 மி.மீ. விட்டமுள்ள அச்சில் போட்டு, 4.5 கிலோ சுத்தியலை 457 மி.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு அடிப்போம். கனரகப் போக்குவரத்துச் சாலை என்றால் ஒரு பக்கத்துக்கு 75 அடி. ஆறிய வில்லையை 60 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைத்து, எடுத்த 30 வினாடிக்குள் நசுக்கிப் பார்க்க வேண்டும். தாங்கிய உச்ச சுமை ஸ்டெபிலிட்டி. அதுவரை நசுங்கிய அளவு ஃப்ளோ. காலையில் ஆலையிலிருந்து வந்த கலவைக்கு மாலைக்குள் முடிவு கையில் இருக்கும். கருவியும் எளியது, பழகுவதும் சுலபம்.

ஆனால் நசுக்கும் விதத்தைப் பாருங்கள். வளைந்த இரண்டு தாடைகளுக்கு நடுவே வில்லையைப் பக்கவாட்டில் வைத்து, நிமிடத்துக்கு 50.8 மி.மீ. வேகத்தில் ஒரே அமுக்கு. சாலையில் எந்த டயரும் தாரை அப்படி அமுக்குவதில்லை. தார் வேகமான சுமைக்கு விறைத்து நிற்கும். மெதுவான சுமைக்கு இளகிக் கொடுக்கும். உச்சி வெயிலில் சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியை நெருங்கும் இந்த ஊரில், பயணிகள் ஏறி இறங்கும்வரை அசையாமல் நிற்கும் இரண்டடுக்கு பஸ்தான் உண்மையான சோதனை. ஸ்டெபிலிட்டி அதிகம் என்பதாலேயே தடம் பள்ளம் விழாது என்று நம்பினால் ஏமாந்துபோவோம்.

ஹாம்பர்க் சக்கரத் தடச் சோதனை இந்த இடத்தில்தான் தனித்து நிற்கிறது. 1970களில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தது. 150 மி.மீ. விட்டமுள்ள மாதிரிகளை 50 டிகிரி தண்ணீருக்குள் வைத்து, 47 மி.மீ. அகலமுள்ள எஃகுச் சக்கரத்தை 705 நியூட்டன் சுமையோடு அவற்றின் மேல் ஓடவிடுவார்கள். நிமிடத்துக்கு 52 நடை, மொத்தம் 20,000 நடை. ஆறரை மணி நேரம் பிடிக்கும். அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், தாரின் தரத்துக்கு ஏற்ப நிர்ணயித்த நடைகள் முடியும் முன்பே பள்ளம் 12.5 மி.மீ.யைத் தொட்டுவிட்டால் கலவை தோல்வி.

ஒரு முறை ஒரே ஜல்லி, ஒரே தார் அளவில் இரண்டு கலவைகளை அடுத்தடுத்துச் சோதித்தோம். ஒன்றில் சாதாரணத் தார், மற்றதில் பாலிமர் சேர்த்த தார். மார்ஷலில் இரண்டும் வரம்பைச் சிரமமில்லாமல் தாண்டின. தாளில் அவற்றுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஹாம்பர்க்கிலோ சாதாரணத் தார்க் கலவை பாதி வழியிலேயே சரிந்தது. மூடியைத் திறந்தபோது தண்ணீர் கலங்கிச் சேறாக இருந்தது. தடத்தின் அடியில் ஜல்லிகள் கறுப்பு உதிர்ந்து, கழுவி வைத்ததுபோல வெளுத்துக் கிடந்தன. பக்கத்தில் நின்ற புதுக்கோட்டைத் தம்பி, "அண்ணா, நேற்று இதற்குத்தானே நாம் தேர்ச்சி எழுதினோம்?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. ஒரு ஜல்லியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன்.

அந்த வெளுப்புக்குக் காரணம் உண்டு. இங்கே சாலைக்குப் போடும் ஜல்லி கிரானைட். முன்பு புலாவ் உபின், புக்கிட் தீமா குவாரிகளில் உடைத்தார்கள். இப்போது வெளிநாட்டிலிருந்து வருகிறது. சிலிக்கா மிகுந்த அந்தக் கல்லுக்குத் தாரைவிடத் தண்ணீரோடுதான் ஒட்டுறவு அதிகம். ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டும் தீவில் தண்ணீர் தாரைக் கல்லிலிருந்து விலக்கி உள்ளே நுழைந்துவிடுகிறது. பள்ளத்தின் ஆழத்தைக் காட்டும் ஹாம்பர்க்கின் வரைபடத்தில் மெல்லச் சரியும் கோடு ஒரு புள்ளியில் திடீரெனச் செங்குத்தாகக் கீழே இறங்கும். தார் உரியத் தொடங்கிய இடம் அது. நீற்றிய சுண்ணாம்போ ஒட்டுச் சேர்மமோ கலந்தால் அந்தப் புள்ளி எவ்வளவு தள்ளிப்போகிறது என்பதையும் கண்ணால் பார்க்கலாம். வெந்நீரில் அரை மணி நேரம் மட்டும் ஊறும் மார்ஷல் வில்லை இதைச் சொல்லாது.

ஈரத்துக்கென்றே இழுவிசை விகிதச் சோதனையும் இருக்கிறது; நனைந்த மாதிரியின் வலிமையை நனையாத மாதிரியோடு ஒப்பிடுவது அது. மாதிரியைத் தண்ணீரில் நனைத்து, மைனஸ் 18 டிகிரியில் உறையவைத்து, பிறகு 60 டிகிரி நீரில் 24 மணி நேரம் வைப்பது அதன் முழு வடிவம். உறைபனியே இல்லாத ஊரில் உறைபனிக் கட்டத்துக்கு என்ன வேலை? அதை விட்டுவிட்டுச் செய்தால் பயன் உண்டு. ஆனாலும் அதில் சக்கரம் இல்லை.

இதனால் மார்ஷலைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்று நான் சொல்லவில்லை. அதன் உண்மையான மதிப்பு ஸ்டெபிலிட்டியில் இல்லை, காற்று வெற்றிடக் கணக்கில், அதாவது அமுக்கிய கலவைக்குள் மிஞ்சும் காற்று இடைவெளியின் அளவில் இருக்கிறது. வெற்றிடம் 3 முதல் 5 சதவீதத்துக்குள் நிற்கிறதா, தார் அளவு சரியா என்று அன்றாடம் காட்டுவது அதுதான். 3 சதவீதத்துக்குக் கீழே போனால் வெயிலில் தார் மேலே கசியும். ஹாம்பர்க்குக்கும் குறை உண்டு. தாரைக் குறைத்து வறட்சியாகச் செய்த கலவை அதில் அழகாகத் தேறிவிடும், சாலையில் வெடிக்கும். ஆகவே, வாய்ப்பு இருந்தால் விரிசல் சோதனை ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வில்லைகளைச் சுத்தியலால் அடிப்பதைவிடப் பிசைந்து அமுக்கும் சுழல் அமுக்கி சாலை உருளைக்கு நெருக்கமானது என்பதும் என் கருத்து.

என் முடிவு இதுதான். பஸ் தடம், சரக்கு லாரிகள் வரிசையில் நிற்கும் சந்திப்பு, துறைமுகச் சாலை ஆகியவற்றுக்குக் கலவையைத் தேர்வுசெய்யும்போது ஹாம்பர்க் சொல்வதையே இறுதியாகக் கொள்வேன். தேர்ந்த கலவை ஆலையிலிருந்து வரும் ஒவ்வொரு நாளும் மார்ஷலைக் கொண்டு காவல் காப்பேன். கார் நிறுத்துமிடத்துக்கும் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடையிலான உட்சாலைக்கும் மார்ஷல் மட்டுமே போதும்; அங்கே ஆறரை மணி நேரம் சக்கரத்தை ஓட்டத் தேவையில்லை. அந்த நேரத்தில் அடுத்த பஸ் நிறுத்தத்துக்கான மாதிரியை ஏற்றிவிடலாம்.