மோட்டார்ஹோமுக்கான 12 வோல்ட் டயாபிரம் பம்ப்: இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

எங்கள் மோட்டார்ஹோமின் (தங்கும் வசதியுள்ள வண்டியின்) தண்ணீர்த் தொட்டிக்குள் மூழ்கியிருந்த பழைய பம்ப் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஓய்ந்துபோனபோது, அதற்கு மாற்றாகத் தொட்டிக்கு வெளியே பொருத்தும் மூன்று அறை டயாபிரம் பம்ப் (நெகிழ்வான சவ்வு முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரை உறிஞ்சித் தள்ளும் வகை) ஒன்றை வாங்கினேன். 12 வோல்ட் மின்சாரத்தில் ஓடும் இந்தப் பம்ப் நிமிடத்துக்கு 11 லிட்டர் தண்ணீர் தரும் என்றும், அழுத்தம் 2.8 பார் அளவை எட்டியதும் தானாக நின்றுவிடும் என்றும் அதன் உடலிலேயே அச்சிட்டிருந்தார்கள். அன்று முதல் இன்றுவரை மூன்று முறை அது கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். மூன்று முறையும் பம்பில் ஒரு குறையும் இல்லை. அதனால் இந்த மதிப்புரையில் பம்பைப் பற்றி எழுதும் அளவுக்கு, அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் ஹோஸ், ஒயர், தொட்டி ஆகியவற்றைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது.

மூழ்கு பம்பை நான் குறைசொல்ல மாட்டேன். எடை குறைவு, சத்தம் குறைவு, மாற்றுவதும் எளிது. ஆனால் அது சுழல்விசிறியால் தண்ணீரை முன்னே தள்ளுமே தவிர, கீழிருந்து உறிஞ்சாது. உள்ளே காற்று தங்கிவிட்டால் விசிறி வெறுமனே சுற்றும், தண்ணீர் இல்லாமல் ஓடவிட்டால் விரைவில் பழுதாகும். அத்தகைய வண்டிகளில் பெரும்பாலும் ஒவ்வொரு குழாயின் அடியிலும் ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். குழாயைத் திறந்தால் அதுதான் பம்பை ஓடவைக்கிறது. சமையல் மேடைக் குழாயில் தண்ணீர் வந்து, குளியலறைக் குழாயில் பம்ப் ஓடும் சத்தமே கேட்கவில்லை என்றால், பழுது குளியலறைக் குழாயின் சுவிட்சிலோ அதற்குச் செல்லும் ஒயரிலோ இருக்கிறது என்று உறுதியாகச் சொல்லலாம். டயாபிரம் பம்பில் இந்தச் சிறு சுவிட்சுகள் தேவையில்லை. குழாயைத் திறந்ததும் அழுத்தம் குறைவதை உணர்ந்து தானே ஓடுகிறது, மூடியதும் தானே நிற்கிறது. தனக்குக் கீழே ஏறக்குறைய 1.8 மீட்டர் ஆழத்தில் இருக்கும் தண்ணீரையும் உறிஞ்சி எடுக்கிறது; சிறிது நேரம் தண்ணீரின்றி ஓடினாலும் தாங்குகிறது.

முதல் கோளாறு பொருத்திய சில வாரங்களில் வந்தது. பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது; குழாயில் காற்றும் தண்ணீரும் மாறி மாறித் துப்பின; பிறகு தண்ணீர் அறவே நின்றது. தொட்டியோ பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. டயாபிரம் கிழிந்துவிட்டது என்று நம்பிக் கழற்றியும் விட்டேன். அதற்குப் பதிலாக நான் முதலில் செய்திருக்க வேண்டியது ஒரு வாளிச் சோதனை. தொட்டியிலிருந்து வரும் ஹோஸைப் பம்பின் வாயிலிருந்து பிடுங்கிவிட்டு, வேறொரு சிறு ஹோஸைப் பொருத்தி, அதன் மறுமுனையை ஒரு வாளித் தண்ணீரில் வைத்துப் பம்பை ஓடவிட வேண்டும். வாளியிலிருந்து தண்ணீர் ஒழுங்காக ஏறினால் பம்ப் நன்றாக இருக்கிறது, பழுது தொட்டிக்கும் பம்புக்கும் இடையே இருக்கிறது; ஏறாவிட்டால்தான் பம்பைத் திறக்கலாம். இந்த ஒரு சோதனை தேடலைச் சரிபாதியாகக் குறைத்துவிடுகிறது. உடன் வந்த கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

எங்கள் வண்டியில் பழுது இருந்த இடம், பம்புக்கு முன்னால் இருக்கும் வடிகட்டிக் கிண்ணம். மூடியைத் திருகும்போது அதன் ரப்பர் வளையம் சற்றே மடங்கியிருந்தது. உறிஞ்சும் பக்கத்தில் ஏற்படும் ஓட்டைக்கு ஒரு தனித்தன்மை உண்டு: அங்கே தண்ணீர் வெளியே சொட்டுவதில்லை, காற்றுதான் உள்ளே நுழைகிறது. ஆகவே கையால் தடவிப் பார்த்து, ஈரம் இல்லை, கசிவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஒளி ஊடுருவும் ஹோஸாக இருந்தால் உள்ளே குமிழிகள் ஓடுவது கண்ணுக்குத் தெரியும். அந்த ஒரு காரணத்துக்காகவே உறிஞ்சும் பக்கத்தில் ஒரு சாணாவது அப்படிப்பட்ட ஹோஸைப் போடுங்கள் என்பேன். வடிகட்டியைக் கழற்றிய கையோடு வலையையும் கழுவிவிடலாம். புதுத் தொட்டியில் துளையிட்டபோது விழுந்த பிளாஸ்டிக் சீவல்கள் எங்கள் வலையில் ஒரு கரண்டி அளவுக்குச் சேர்ந்திருந்தன.

இரண்டாவது கோளாறு தூக்கத்தைக் கெடுத்தது. எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும், இரவில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பம்ப் ஒரு நொடி உறுமி நிற்கும். அழுத்தம் எங்கோ குறைகிறது என்பதே இதன் பொருள். பம்புக்கு அப்பால் குழாய்களின் பக்கம் தண்ணீர் ஒழுகலாம், அல்லது பம்பின் உள்ளே இருக்கும் ஒருவழி வால்வில் மணல் சிக்கித் தண்ணீர் தொட்டிக்கே திரும்பலாம். பம்பை அடுத்து ஒரு அடைப்பு வால்வு இருந்தால் அதை மூடிவிட்டுக் கவனிக்க வேண்டும்: அப்போதும் உறுமினால் குறை பம்பின் வால்வில், உறுமல் நின்றால் ஒழுகல் அதற்கு அப்பால். எங்களுக்கு உறுமல் நின்றது. கழிப்பறைக் கிண்ணத்துக்குள் நூல்போல இறங்கிய தண்ணீரைப் பகலில் யாரும் கவனிக்கவில்லை. அங்கிருந்த வால்வின் வாஷரை மாற்றியதும் சரியாயிற்று.

குளிர்காலத்தில் இதே அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ட்ரூமா நிறுவனத்தின் வெந்நீர்க் கலன்களில் இருக்கும் உறைவுத் தடுப்பு வால்வு, தன்னைச் சுற்றியுள்ள வெப்பநிலை ஏறக்குறைய 3 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் தானே திறந்து தண்ணீரை வண்டிக்கு அடியில் வெளியேற்றிவிடும். ஏறக்குறைய 7 டிகிரிக்கு மேல் சூடேறும்வரை அதைக் கையால் மூட முடியாது. பம்ப் விடாமல் ஓடி, தொட்டி காலியாகி, வண்டிக்கு அடியில் குட்டை கட்டியிருப்பதைக் கண்டு பலர் பதறிவிடுகிறார்கள். அது பழுதே அல்ல. உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரிந்து கலனைப் பிளந்துவிடாமல் காப்பதற்காகவே அந்த வால்வு அங்கே இருக்கிறது. வண்டியின் உட்புறத்தைச் சூடாக்கிய பிறகு தண்ணீர் நிரப்புங்கள், போதும்.

மூன்றாவது கோளாறு, நீர்வரத்து நாளுக்கு நாள் நலிந்தது. பேட்டரியில் 12.5 வோல்ட் காட்டியதால் மின்சாரத்தின் மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் முனைகளிலேயே மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தபோதுதான் 10.4 வோல்ட் மட்டுமே வந்து சேர்வது தெரிந்தது. ஓடாத நேரத்தில் அளந்து பயனில்லை; மின்னோட்டம் இல்லாதபோது இழப்பும் இல்லாததால் மீட்டர் நல்ல எண்ணையே காட்டும். கணக்கு எளியது: 1 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரின் ஒரு மீட்டருக்கு மின்தடை ஏறக்குறைய 0.017 ஓம். போக 6 மீட்டர், வர 6 மீட்டர் என 12 மீட்டருக்கு 0.2 ஓம் ஆகிறது. பம்ப் 6 ஆம்பியர் இழுத்தால் ஒயரிலேயே 1.2 வோல்ட் போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அந்த இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். மீதி இழப்பு, கழுவுதொட்டிக்கு அடியில் பச்சை பூத்துப்போயிருந்த ஓர் இணைப்பில் இருந்தது. ஒயரையும் இணைப்பையும் மாற்றிய அன்று, குளியல் குழாய் புதுப் பம்ப் பொருத்திய நாளைப்போலப் பீய்ச்சியது.

தொட்டியிலும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காற்றுப்போக்குக் குழாயைச் சிலந்திக்கூடோ சேறோ அடைத்துக்கொண்டால், வாய் வைத்து உறிஞ்சிய பாட்டிலைப்போலத் தொட்டியின் பக்கங்கள் ஒடுங்கும், பம்ப் திணறும். நிரப்பும் மூடியைத் திறந்ததும் தண்ணீர் வேகமாக வந்தால் காரணம் அதுவே. வெறும் தொட்டிக்கு நிறைவு என்று காட்டும் அளவுமானியின் உலோகக் கம்பிகளில் பெரும்பாலும் உப்புப் படிந்திருக்கும். எடுத்துத் தேய்த்துக் கழுவினால் போதும். நாற்றம் வந்தால், 100 லிட்டர் தொட்டிக்கு 5 சதவீத வலிமையுள்ள, வாசனை சேர்க்காத ப்ளீச் 100 மில்லிலிட்டர் ஊற்றி, ஒவ்வொரு குழாயிலும் அந்த நெடி வரும்வரை ஓடவிட்டு, சில மணி நேரம் ஊறவைத்து, நெடி முற்றிலும் அகலும்வரை நல்ல தண்ணீரால் அலச வேண்டும். கரி வடிகட்டி இருந்தால் முன்பே கழற்றிவிடுங்கள். எக்காரணம் கொண்டும் ப்ளீச்சோடு வினிகரைக் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும்.

இனி பம்பின் உண்மையான குறைகள். சத்தம் அதிகம். அடியில் தந்திருக்கும் ரப்பர் கால்களால் மட்டும் அது அடங்காது; இருபுறமும் அரை மீட்டர் நெகிழ்வான ஹோஸ் போட்டு, விறைப்பான குழாய் பம்பை நேரடியாகத் தொடாமல் பார்த்துக்கொண்ட பிறகே எங்கள் மரத்தட்டு அதிர்வது நின்றது. குழாயைச் சிறிதளவு திறந்தால் பம்ப் விட்டுவிட்டு ஓடுகிறது. காற்றுப் பை உள்ள சிறு அழுத்தக் கலன் ஒன்றைச் சேர்த்தால் இது தணியும், ஆனால் அதைத் தனியாக வாங்க வேண்டும். அழுத்த சுவிட்சின் திருகாணியை எந்த அளவுக்குத் திருப்பலாம் என்று கையேடு சொல்லவில்லை. அதை வரம்பு மீறி முறுக்கினால் பம்ப் நிற்கவேண்டிய அழுத்தத்தை எட்ட முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே கால் சுற்றுக்கு மேல் ஒரே முறையில் திருப்ப வேண்டாம்.

அடிக்கடி குளிக்கும் குடும்பமாக இருந்து, பழைய சிறு சுவிட்சுகளோடு போராடி அலுத்திருந்தால், இந்த வகைப் பம்பைத் தயங்காமல் வாங்கலாம். ஆண்டுக்கு ஓரிரு வாரம் மட்டும் சிறு கேரவனில் செல்பவருக்கு மூழ்கு பம்பே போதுமானது. எதை வாங்கினாலும் வடிகட்டிக்கான ரப்பர் வளையம் இரண்டும், சரியான அளவு ஃப்யூஸ் இரண்டும், வாளிச் சோதனைக்கு ஒரு மீட்டர் ஹோஸும் சேர்த்து வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.