"ஈயம்" என்று கேட்டால் எது கிடைக்கும்? வீட்டு வார்ப்புக்கு வெள்ளீயமா, காரீயமா

வேலூர் லாங் பஜார் பக்கம் பாத்திரக் கடையில் ஈயம் என்றால் ரசம் வைக்கும் சொம்பு, அதாவது வெள்ளீயம் (டின்). பழைய இரும்புக் கடையில் அதே சொல்லுக்குக் காரீயம் (லெட்) வரும், அது உடலுக்கு நஞ்சு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் இரண்டும் கலந்த சால்டர் ஈயத்தை எடுத்து நீட்டுவார்கள். புதிதாக வெட்டினால் மூன்றும் பளபளக்கும், மூன்றும் கேஸ் அடுப்புச் சூட்டிலேயே உருகும். சின்னப் பிள்ளையார், சாவிக்கொத்து வில்லை, தூக்குக்குண்டு என்று எதை வார்க்க நினைத்தாலும் கையில் இருப்பது எந்த ஈயம் என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு ஒரு கிராம் வரை காட்டும் சமையல் தராசு போதும். துண்டை எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்குங்கள். துண்டை நூலில் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல் முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் துண்டின் கனஅளவு, மில்லிலிட்டரில். 200 கிராம் துண்டுக்கு 27 காட்டினால் வெள்ளீயம். 23, 24 என்றால் 60/40 சால்டர் (60 பங்கு வெள்ளீயம், 40 பங்கு காரீயம்). 18க்குப் பக்கத்தில் வந்தால் காரீயம். வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் காரீயம் பென்சில் போலச் சாம்பல் கோடு போடும். மெல்லிய சுத்த வெள்ளீயக் கம்பியைக் காதருகே வளைத்தால் நொறுநொறுவென்று ஒலி கேட்கும். ஆனால் வெள்ளீயத்தில் நூற்றுக்கு ஐந்து பங்கு காரீயம் கலந்திருந்தால் இந்தச் சோதனைகள் காட்டிக்கொடுக்காது. அதனால் பூஜைக்கும் சமையலுக்கும் போகும் பொருளுக்குப் பழைய துண்டுகளை நம்ப வேண்டாம்.

காரீயத்துக்கு ஆதரவாகச் சொல்ல இரண்டு உண்டு: விலை, எடை. வெள்ளீயம் அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் விலை. கொத்தனாரின் அரைக்கிலோ தூக்குக்குண்டு காரீயத்தில் 44 மில்லிலிட்டர் இடம்தான் பிடிக்கும். அதே அச்சில் வெள்ளீயம் ஊற்றினால் 320 கிராம்தான் வரும், காற்றில் ஆடும். வலைக்குண்டுக்கும் இதே நியாயம். காரீயம் 327 டிகிரியில் உருகும், 370 முதல் 400க்குள் ஊற்றலாம். சுத்தக் காரீயம் மென்மையானது. இறுகும்போது மூன்றரை சதவீதம் போலச் சுருங்கும், எனவே ஊற்றுவாயில் பெரிய தலைப்பு (கூடுதல் உலோகம் நிற்கும் இடம்) விடாவிட்டால் நடுவில் குழி விழும். நுண்ணிய முகம், நகம், எழுத்து எதுவும் கூர்மையாக வராது.

அச்செழுத்து ஈயம் அந்தக் குறையைத் தீர்க்கும். பழைய அச்சகங்களின் வரி வார்ப்பு ஈயத்தில் சுமார் 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி (கலவையைக் கடினமாக்கும் உலோகம்), 4 பங்கு வெள்ளீயம். 247 டிகிரியிலேயே உருகி ஓடும், சுருக்கம் குறைவு, ஊசிமுனைக் கோடும் விழும். கீழே விழுந்தால் உடையும். இருந்தாலும் பெரும்பகுதி காரீயம்தான், ஆபத்தும் அதே ஆபத்துதான். முழுத் தமிழ் எழுத்துப் பெட்டி கிடைத்தால் தயவுசெய்து உருக்காதீர்கள், அது எழுத்தாகவே இருக்கட்டும்.

பேட்டரித் தட்டு இந்தப் போட்டியிலேயே சேராது. அமிலம் ஒரு பக்கம். கால்சியம் கலந்த தட்டின் கசடு ஈரம் பட்டால் ஆர்சைன், ஸ்டிபைன் என்ற கொடிய வாயுக்கள் கிளம்பக்கூடும். பழைய பேட்டரியை விற்ற கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

60/40 சால்டர் புதியவரை எளிதில் கவரும். 183 டிகிரியில் இளகி 190க்குள் முழுதும் ஓடும், பளபளப்பாக வரும், கடையில் சுலபமாகக் கிடைக்கும். நாங்கள் இதைச் சிலைக்குப் பரிந்துரைக்க மாட்டோம். நூற்றுக்கு நாற்பது காரீயம் என்பது "கொஞ்சம்" அல்ல. அபிஷேகம் செய்த பால், தயிர், எலுமிச்சைச் சாறு தீர்த்தமாகக் கைக்கு வருகிறது. புளிப்பு காரீயத்தைக் கரைக்கும். குழந்தைகளுக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

அதனால் சிலை, வில்லை, பொத்தான், பொம்மை எல்லாவற்றுக்கும் எங்கள் தேர்வு காரீயமில்லாத பியூட்டர்: 92 பங்கு வெள்ளீயம், 6 முதல் 7 பங்கு ஆன்டிமனி, மிச்சம் செம்பு. 295 டிகிரியில் முழுதும் உருகிவிடும், 320 வாக்கில் ஊற்றலாம். பியூட்டர் என்று கேட்டுக் கிடைக்காவிட்டால் காரீயமில்லாத சால்டர் பார் வாங்குங்கள். அதில் 99.3 பங்கு வெள்ளீயம், 0.7 பங்கு செம்பு. 227 டிகிரியில் உருகும், 270 முதல் 290க்குள் ஊற்றலாம். ஆன்டிமனி இல்லாததால் சற்று மென்மை, அவ்வளவுதான். உள்ளே ரோசன் என்ற பிசின் வைத்த சால்டர் கம்பி வேண்டாம், புகை மூட்டும். பிஸ்மத் கலவை 138 டிகிரியிலேயே உருகினாலும் விலை அதிகம், நொறுங்கும்.

உருக்கும் பாத்திரத்துக்கு இரும்புத் தாளிப்புக் கரண்டியை மிஞ்சியது இல்லை. 250 கிராம் பியூட்டர் 34 மில்லிலிட்டர்தான், தாராளமாகப் பிடிக்கும். கால்வனைஸ் செய்த டப்பா கூடாது: அதன் துத்தநாகம் உள்ளே கரைந்தால் உலோகம் கூழாகி, அச்சின் மூலைக்கு ஓடாது. அலுமினியக் கரண்டி சூட்டில் வலுவிழக்கும். கே டைப் என்ற, சூட்டை அளக்கும் கம்பியோடு வரும் மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்தான், வாங்கிவிடுங்கள். அது இல்லையென்றால் குடியாத்தம் தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, மருந்து முனையைக் கிள்ளிவிட்டு உலோகத்தில் நுழைத்துப் பாருங்கள். மெல்லப் பழுப்பாகிக் கருகினால் சரி. உடனே புகைந்து பற்றினால் சூடு அதிகம்.

அச்சில் மாக்கல்தான் முதலிடம். கத்தியால் செதுக்கலாம், பல நூறு முறை தாங்கும், எல்லா ஈயத்துக்கும் பொருந்தும். 100 முதல் 150 டிகிரி வரை சூடேற்றி, டால்க் பவுடர் தூவி ஊற்றுங்கள். ஒரே ஒரு வார்ப்புக்கு நாட்டுமருந்துக் கடையில் கடல்நுரை என்று கிடைக்கும் கணவாய் ஓடு அழகாக வேலை செய்யும்: இரண்டு பாதியைத் தேய்த்துச் சமமாக்கி, மாதிரியை நடுவில் வைத்து அழுத்தினால் பதிந்துவிடும். சூடு தாங்கும் சிலிக்கோன் ரப்பர் அச்சு பியூட்டருக்குச் சரி, காரீயத்துக்குப் பத்தாது. பாலாற்று மணல் அப்படியே பயன்படாது, பருமணல். நன்றாகச் சலித்துக் களிமண் சேர்த்தால்தான் நிற்கும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். காய்ந்ததுபோல் தெரியும், உள்ளே நீர் இருக்கும். நீர் ஆவியானால் சுமார் 1,700 மடங்கு விரியும், உருகிய ஈயம் முகத்துக்குத் தெறிக்கும். 110 டிகிரியில் காயவைத்து, மணிக்கு ஒருமுறை எடைபோட்டு, மூன்று முறை எடை மாறாமல் நின்றால்தான் ஊற்றலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் காய்ந்த அச்சும் ஒரே இரவில் ஈரம் இழுக்கும். காரீயத்துக்குப் பிளாஸ்டர் அச்சே வேண்டாம். அந்தச் சூட்டில் பிளாஸ்டருக்குள் கட்டுண்ட நீரும் வெளியேறும். உருகிக்கொண்டிருக்கும் கரண்டியில் ஈரத்துண்டைப் போடுவதும் இதே தவறுதான், புதுத் துண்டை விளிம்பில் வைத்துச் சூடாக்கிப் பிறகு உள்ளே தள்ளுங்கள்.

வார்ப்பைப் பார்த்தாலே பிழை தெரியும். மேலே சுருக்கமும் மடிப்புக் கோடும் இருந்தால் அச்சோ உலோகமோ குளிர்ந்திருந்தது. பனி படிந்தாற்போல் வெளுத்துச் சொரசொரத்தால் சூடு மிஞ்சியது. காது, தும்பிக்கை நுனி நிரம்பாவிட்டால் காற்று சிக்கியிருக்கிறது, அந்த நுனியிலிருந்து ஊசியால் ஒரு கீறல் வெளியே இழுத்துவிடுங்கள்.

ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் துண்டுக்குப் பஞ்சமில்லை. கையுறைக்கும் முன்கச்சைக்கும் அதுவே சரி. சித்திரை வெயிலானாலும் முழுக்கைப் பருத்திச் சட்டை, மூடிய செருப்பு, கண்ணாடி மூன்றும் கட்டாயம்.

காரீயம் வேண்டியே தீரும் என்றால் வீட்டுக்குள்ளோ சமையலறை அடுப்பிலோ அல்ல, குழந்தைகள் நடமாடாத திறந்த இடத்தில், காற்று முதுகுப்பக்கம் அடிக்க நின்று உருக்குங்கள். 400 டிகிரிக்குள் வைத்தால் ஆவியைவிடப் பெரிய ஆபத்து மேலே படியும் சாம்பல் கசடுதான். அது பொடியாகிக் கைவழி வாய்க்குப் போகும். கசடை மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். தரையை விளக்குமாறால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கை கழுவாமல் டீ டம்ளரைக்கூடத் தொடக்கூடாது, அன்றைய சட்டையைத் தனியாகத் துவையுங்கள். காரீயம் உருக்கிய கரண்டியில் பிறகு வெள்ளீயம் உருக்கினால் அந்த வார்ப்பையும் காரீயமாகவே கணக்கில் வைக்க வேண்டும். எனவே இரண்டுக்கும் தனித்தனிக் கரண்டி வாங்கி, காரீயக் கரண்டியின் கைப்பிடியில் சிவப்பு பெயிண்ட் அடித்து, வீட்டுக்கு வெளியே மாட்டிவையுங்கள்.