காளான் பொடி விற்க வீட்டுக்கு வருகிறவர்களை நம்பாதீர்கள்

காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், தேவகோட்டை பக்கம் பெரிய வீடுகளில் தனியாக இருக்கும் வயதானவர்களைத் தேடிப்பிடித்து, 'நோய் எதிர்ப்புச் சக்தி தரும் காளான் பொடி' என்று விற்கிறார்கள். 100 கிராம் டப்பா 2,950 ரூபாய். மூன்று டப்பா சேர்த்து எடுத்தால்தான் பலன் என்று கட்டாயப்படுத்துகிறார்கள். பணம் போவதோடு முடிந்திருந்தால் உறவினர்களிடம் மட்டும் சொல்லிவிட்டு விட்டிருப்பேன். சர்க்கரை மாத்திரையைக் குறைக்கச் சொல்கிறார்கள். உயிரோடு விளையாடுகிற காரியம் அது. அதனால்தான் எல்லோருக்கும் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

பள்ளத்தூரில் இருக்கும் என் அயித்தைக்கு நடந்தது இது. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. பிள்ளைகளில் ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். உறவில் ஒரு சாந்திக்கு (வயது நிறைவு விழாவுக்கு)ப் போன இடத்தில் பேச்சுக் கொடுத்த விற்பனையாளர், அந்த வாரமே வீட்டுக்கு வந்துவிட்டார். முகப்பில் உட்கார்ந்து, வாய்க்கு வாய் "ஆச்சி, ஆச்சி" என்று உருகியிருக்கிறார். பிறகு மடிக்கணினியில் இணைத்த ஓர் உலோகக் குச்சியை அயித்தையின் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் அறிக்கை வந்துவிட்டது: "உங்கள் எதிர்ப்புச் சக்தி 38 சதவீதம்தான் இருக்கிறது ஆச்சி. இப்படியே விட்டால் அடுத்த காய்ச்சலைத் தாங்காது."

நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி என்பது ஒரே பொருள் அல்ல. வெள்ளை அணுக்களில் பல வகை, எதிர்ப்புப் புரதங்கள், எலும்பு மஜ்ஜை, மண்ணீரல், நிணநீர்க் கணுக்கள் என்று பலவும் சேர்ந்த ஏற்பாடு. குச்சியைப் பிடித்து அதற்குச் சதவீதம் போடும் கருவி உலகத்தில் எந்த மருத்துவமனையிலும் இல்லை. அந்த அறிக்கையைப் பார்த்துத்தான் அயித்தை பயந்துபோய் பீரோவிலிருந்து பணத்தை எடுத்துக் கொடுத்தார். ரசீது கேட்டதற்கு, "கம்பெனியிலிருந்து செல்பேசிக்கு வரும்" என்றார் விற்க வந்தவர். இன்றுவரை வரவில்லை.

காலையிலும் இரவிலும் ஒரு கரண்டி பொடி. கூடவே, "காளான் வேலை செய்யத் தொடங்கிவிட்டால் ஆங்கில மருந்து தேவைப்படாது, மாத்திரையைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள்" என்ற யோசனை. அயித்தை அப்படியே செய்தார். கொஞ்ச நாளில் தாகம், அசதி, இரவில் பலமுறை எழுந்து போவது எல்லாம் தொடங்கின. செருப்புக் கடித்த புண் ஆறாமல் நின்றது. விற்றவரிடம் செல்பேசியில் கேட்டதற்கு, "கழிவு வெளியேறுகிறது ஆச்சி, நல்ல அறிகுறி, அளவைக் கூட்டுங்கள்" என்றிருக்கிறார். இந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை. உடம்பு போடுகிற கூச்சலை நல்ல சகுனமாக்கிவிட்டால், நோயாளி மருத்துவரிடம் எப்படிப் போவார்?

காரைக்குடியில் பரிசோதித்தபோது வெறும் வயிற்றுச் சர்க்கரை 286. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c அளவு 7.1 சதவீதத்தில் இருந்தது 10.4-க்கு ஏறியிருந்தது. நல்ல வேளையாகப் புண் ஆழமாகவில்லை. மாத்திரைகளைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, சில வாரம் இன்சுலினும் போட்ட பிறகு கட்டுக்குள் வந்தது.

அந்த டப்பாவை நான் வாங்கிப் பார்த்தேன். மேலே சிவப்பும் பொன்னுமாக ரெய்ஷி என்ற மருந்துக் காளானின் படம். பின்பக்கம் விலைச்சீட்டு ஒட்டியிருந்த இடம் சற்றுத் தடிப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்தால், அதன் அடியில் 'மருந்தாகப் பயன்படுத்துவதற்கு அல்ல' என்ற வாசகம். துணை உணவுப் பொருட்களின் மீது அதைத் தெளிவாக அச்சிட வேண்டும் என்பது 2016-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதி. அச்சிட்டிருக்கிறார்கள், அதை மறைத்துத்தான் விற்றிருக்கிறார்கள். உட்பொருள் பட்டியலில் பொடி எழுத்தில் 'ரெய்ஷி மைசீலியம், அரிசி' என்று இருந்தது.

மைசீலியம் என்பது காளானின் வேர் போன்ற வெள்ளை இழை. நம் பக்கம் சிப்பிக் காளான் வளர்ப்பவர்களிடம் காளான் வித்துப் பையைப் பார்த்திருந்தால் உங்களுக்குப் புரியும். வேகவைத்த சோளத்தைச் சுற்றி அந்த இழை பஞ்சு போலப் படர்ந்திருக்கும். சோளத்துக்குப் பதில் அரிசியில் வளர்த்து, அரிசியைப் பிரிக்காமல் அப்படியே காயவைத்து அரைத்தால் இந்த டப்பாவில் இருப்பது கிடைத்துவிடும். காளான் தலை வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை.

இரண்டு விதத்தில் இதைக் கண்டுபிடிக்கலாம். ஒன்று ருசி. உண்மையான ரெய்ஷி கடுங்கசப்பு. அதில் உள்ள டிரைடெர்பீன்கள் என்ற பொருட்களால் வருவது அந்தக் கசப்பு. அயித்தையின் பொடி சத்துமாவு போல லேசாக இனித்தது. இன்னொன்று அயோடின். பொடியை வெந்நீரில் கரைத்து ஆறவைத்து, புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்தில் இரண்டு சொட்டு விட்டேன். கிண்ணம் முழுவதும் கருநீலமாகிவிட்டது. ஸ்டார்ச், அதாவது மாவுச்சத்து, இருந்தால்தான் அந்த நிறம் வரும். காளான் தன் சத்தை ஸ்டார்ச்சாகச் சேர்த்து வைப்பதில்லை, கிளைக்கோஜன் என்ற வேறு வடிவிலேயே சேர்க்கிறது. ஆக, சர்க்கரை நோயாளிக்குக் காளான் என்ற பெயரில் அரிசி மாவை விற்றிருக்கிறார்கள்.

டப்பாவில் 'பாலிசாக்கரைடு 40 சதவீதம்' என்று பெரிதாகப் போட்டிருந்ததையும் சொல்லியாக வேண்டும். பாலிசாக்கரைடு என்றால் சர்க்கரை மூலக்கூறுகள் பல கோத்த சங்கிலி; அரிசி ஸ்டார்ச்சும் அதில் ஒன்றுதான். காளானுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது பீட்டா குளுக்கான் என்ற தனி வகை. காளானின் செல் சுவரில் அது இருக்கிறது. நோய் தரும் பூஞ்சைகளின் சுவரிலும் இருப்பதால், நம் வெள்ளை அணுக்கள் சில அதை அடையாளம் கண்டு விழித்துக்கொள்கின்றன. காளானையும் எதிர்ப்புச் சக்தியையும் சேர்த்துப் பேசுவதற்கு அடிப்படை இதுதான். பீட்டா குளுக்கான் எவ்வளவு என்று தனியாக எழுதாத டப்பாவை வாங்கவே வேண்டாம்.

விற்பவர் ஜப்பான் மருத்துவமனைப் படங்களைக் காட்டினாராம். அதில் பாதி உண்மை உண்டு. ஷிடாகே காளானிலிருந்து பிரித்த லென்டினான் ஜப்பானில் இரைப்பைப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. ஆனால் அது சுத்திகரித்த ஊசி மருந்து. அதையும் கீமோதெரபியோடு சேர்த்துத்தான் கொடுத்தார்கள், மாற்றாக அல்ல. ரெய்ஷியைப் பற்றிய ஆய்வுகளை 2016-இல் மறுபடி அலசிய, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு, புற்றுநோய்க்கு முதல்நிலை மருந்தாக அதைப் பயன்படுத்தப் போதிய ஆதாரம் இல்லை என்றே எழுதியது. அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 52 பேருக்கு நான்கு வாரம் உலர்ந்த ஷிடாகேயை உணவாகக் கொடுத்துப் பார்த்தபோது, இரத்தத்தில் சில எதிர்ப்பு அணுக்களின் செயல்பாடு கூடியது. 2015-இல் அந்த ஆய்வு வெளிவந்தது. நல்ல செய்திதான். ஆனால் அவர்கள் சாப்பிட்டது முழுக் காளான், அவர்கள் நோயாளிகளும் இல்லை. அதை வைத்து ஒரு மூதாட்டியின் மாத்திரையைப் பிடுங்க முடியாது.

"அப்படியானால் அசல் பொடியாக வாங்கிக்கொள்கிறேன்" என்று யாரும் கிளம்பிவிடாதீர்கள். அசலிலும் கவனம் தேவை. ரெய்ஷி இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக்கூடும்; இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள், அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. சர்க்கரை மாத்திரையோடு சேர்ந்து சர்க்கரையை அளவுக்கு மீறி இறக்கவும் வாய்ப்புண்டு. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தான் மருந்து தருகிறார்கள். அதைத் தூண்டிவிடுவது பெரிய ஆபத்து. ரெய்ஷி பொடி சாப்பிட்டுக் கல்லீரல் கெட்ட சம்பவங்களும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

காளான் மீது எனக்கு ஒரு கோபமும் இல்லை. எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை சிப்பிக் காளானோ பால் காளானோ உண்டு. பால் காளானில் நம் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம் பக்கத்து அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்தில் உருவானது. மாவுச்சத்து குறைவு, நார்ச்சத்தும் பி வைட்டமின்களும் உண்டு. சமைக்கும் முன் நறுக்கி, உச்சி வெயிலில் வளவு வாசலில் ஒரு மணி நேரம் தட்டில் பரப்பி வைத்தால், அதில் உள்ள எர்கோஸ்டிரால் என்ற பொருள் வைட்டமின் டி-யாக மாறும். பிறகு சின்ன வெங்காயம், சோம்பு, மிளகு போட்டு நன்றாக வதக்குங்கள். பச்சையாகத் தின்றால் செல் சுவரில் இருக்கும் கைட்டின் என்ற கடினமான பொருள் எளிதில் செரிக்காது. இதைச் சாப்பிட்டுச் சர்க்கரை நோய் தீரும் என்று நான் சொல்லவில்லை. நல்ல காய், நல்ல உணவு, அவ்வளவுதான்.

பொடிக்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டபோது விற்றவர் சொன்ன வழி: "நாலு பேரைச் சேர்த்துவிடுங்கள் ஆச்சி, கமிஷனிலேயே வந்துவிடும்." ஆள் சேர்த்தால் பணம் என்ற பிரமிடு முறையை 2021-ஆம் ஆண்டு நேரடி விற்பனை விதிகள் தடை செய்திருக்கின்றன. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டு மருந்து மற்றும் மந்திர நிவாரண (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டப்படி குற்றம். டப்பாவில் இருந்த 14 இலக்க உணவு உரிம எண்ணைத் தேடிப் பார்த்தால், அது வேறு ஊரில் வேறு பொருள் தயாரிக்கும் நிறுவனத்துக்கு உரியதாக இருந்தது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் புகார் கொடுத்திருக்கிறோம். விசாரணை நடக்கிறது. உங்கள் வீட்டில் இதே மாதிரி டப்பா இருந்தால், கோபத்தில் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மூடியோடு, மிச்சப் பொடியோடு, ஒட்டிய சீட்டைக்கூடக் கிழிக்காமல் பத்திரமாக வையுங்கள். பணம் கொடுத்த நாள், அவர் பேசிய செல்பேசி எண், அனுப்பிய காணொளிகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்து நீங்களும் புகார் கொடுங்கள். அதற்கு முன்பாக, வீட்டில் யாராவது மாத்திரையைக் குறைத்திருக்கிறார்களா என்று இன்றைக்கே கேளுங்கள்.