குளிர்விரும்பும் ஆர்க்கிட்களின் இலைப்புள்ளிக்குத் தாமிரத் தூள்: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

மாஸ்டெவாலியா இலையில் காலையில் மிளகளவு கறுப்புப் புள்ளி ஒன்றைக் கண்டுவிட்டால், அன்று முழுவதும் மனம் அதிலேயே நிற்கும். இந்தச் செடிக்கும் இதன் நெருங்கிய உறவான டிராகுலாவுக்கும் மற்றப் பல ஆர்க்கிட்களுக்கு இருப்பதுபோல் நீரைச் சேமிக்கும் தண்டுக்குமிழ்கள் கிடையாது. இலைகளை நம்பியே அவை வாழ்வதால், ஓர் இலையை இழப்பதும் சிறிய இழப்பு அன்று. அந்தக் கவலையில்தான் ஓராண்டுக்கு முன்பு காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற தாமிரப் பூஞ்சாணக்கொல்லியை, நீரில் கலந்து தெளிக்கும் 50 சதவீத நனையும் தூளாக வாங்கினேன். வீட்டில் ஒரே அலமாரியில் வளரும் மாஸ்டெவாலியா, டிராகுலா, ஓடோன்டோகிளாசம், சிம்பிடியம் செடிகளுக்கு அதைத் தெளித்துப் பார்த்ததில் தெரியவந்தவற்றை இங்கே எழுதுகிறேன்.

தூள் வெளிறிய நீலப்பச்சை நிறத்தில், மாவைப்போல் மென்மையாக இருக்கிறது. அதை நேரடியாக ஒரு லிட்டர் நீரில் கொட்டினால் கட்டிகட்டியாக மிதக்கும். முதலில் இரண்டு கரண்டி நீரில் கூழாகக் குழைத்துக்கொண்டு, பிறகு மீதி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்தால் நன்றாகக் கலக்கிறது. ஆனாலும் இது நீரில் கரையும் பொருள் அன்று. துகள்களாக மிதந்து நிற்பதுதான் இதன் இயல்பு என்பதால், தெளிப்பானை அடிக்கடி குலுக்காவிட்டால் தூள் அடியில் தங்கி, தெளிப்பானின் முனைத் துளையையும் அடைத்துவிடும். நான் ஒரு லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவைக் கடைப்பிடித்தேன். கரண்டியால் அளப்பதை நம்ப வேண்டாம்; கிராம் காட்டும் சிறிய தராசு அவசியம். பொட்டலத்தின் மேல் அச்சிட்ட குறிப்பு முழுவதும் வயல் பயிர்களுக்கே எழுதப்பட்டிருந்ததும், ஒருமுறை வெட்டிய பொட்டலத்தைத் திரும்ப மூட வழி இல்லாததும், தொட்டிச் செடி வளர்ப்பவரைத் தயாரிப்பாளர் நினைத்துப் பார்க்கவில்லை என்பதையே காட்டின. மீதித் தூளை இறுக மூடும் டப்பாவுக்கு மாற்றி, பெயரெழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்திருக்கிறேன்.

இத்தகைய மருந்துகளைப் பற்றிப் பலர் சொல்லும் குறை, தெளித்த பிறகும் புள்ளி மறையவில்லை என்பது. அந்தக் குறையை நான் ஏற்கவில்லை. தாமிரம் இலைக்குள் ஊடுருவாது. இலையின் மேற்பரப்பில் படிந்திருந்து, ஈரத்தில் முளைக்க முயலும் பூஞ்சாண வித்துகளை அங்கேயே அழிக்கும். 1885இல் பிரான்சின் போர்டோ பகுதியில் மில்லார்டே என்ற தாவரவியலாளர் திராட்சைக் கொடிகளுக்கு வழங்கிய போர்டோ கலவை என்னும் தாமிர மருந்தும் இதே வழியில்தான் வேலை செய்தது. ஏற்கெனவே செத்துக் கறுத்த திசுவை மீண்டும் பசுமையாக்க எந்த மருந்தாலும் முடியாது. ஆகவே புள்ளி மறைந்ததா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, அது வளர்ந்ததா என்று பார்க்க வேண்டும். இதற்காக மெல்லிய மார்க்கர் பேனாவால் ஒவ்வொரு புள்ளியின் ஓரத்தையும் சுற்றிக் கோடு வரைந்து, இலையின் அடிப்பக்கத்தில் தேதியையும் குறித்து வைத்தேன். வளையம் வளையமாக உள்வாங்கிய பழுப்புப் புள்ளிகளில் பெரும்பாலானவை அடுத்த இரண்டு வாரங்களில் கோட்டைத் தாண்டவில்லை. தாண்டிய ஓர் இலையை மட்டும் வெட்டி எறிந்தேன்.

பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இலையை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பாருங்கள். புள்ளி எண்ணெய் பட்ட காகிதம்போல் ஒளி ஊடுருவுவதாகவும், சுற்றிலும் மஞ்சள் விளிம்புடனும், ஒரே இரவில் பெரிதாவதாகவும் இருந்தால் அது பெரும்பாலும் பாக்டீரியாவின் வேலை. அங்கே தெளித்துவிட்டுக் காத்திருப்பது ஆபத்து. புள்ளிக்கு அப்பால் நல்ல திசுவிலும் ஓரிரு சென்டிமீட்டர் சேர்த்து வெட்டி, ஒவ்வொரு வெட்டுக்கும் முன் கத்தியைத் தீயில் காட்டி, அதன் பிறகே தாமிரத்தைத் தெளிக்க வேண்டும். குளிர்ந்த இரவில் இலைமேல் நின்ற நீரால் வரும் குழிந்த தழும்புகளுக்கும், உரத்தின் உப்பு சேர்ந்து நுனி கருகுவதற்கும், வைரஸ் கீறல்களுக்கும் இந்தத் தூளால் எந்தப் பயனும் இல்லை.

குளிர்விரும்பும் ஆர்க்கிட்களை வளர்ப்பவர் தனியாகக் கவனிக்க வேண்டியது உலரும் நேரத்தை. இரவில் 10 முதல் 13 டிகிரி செல்சியஸ், காற்றில் 70 சதவீதத்துக்கும் மேல் ஈரப்பதம் என்று நாம் வைத்திருக்கும் அதே சூழலில் தெளித்த நீர் மிக மெதுவாகத்தான் உலர்கிறது. ஈரம் நீண்ட நேரம் நின்றால் தாமிரம் இலைத் திசுவையே சுடத் தொடங்கும். இதை நான் ஒரு மாலைத் தெளிப்பில் கற்றேன்: மறுவாரம் டிராகுலாவின் இளம் இலைகள் இரண்டின் நுனி கருகியது, நீர் வழிந்து தேங்கிய இடமும் அதுவே. அன்று முதல் காலையில் மட்டுமே தெளிக்கிறேன். அமில நீரும் இதே தீங்கைச் செய்யும், ஏனெனில் நீர் புளித்த அளவுக்குத் தாமிரம் அதிகமாக விடுபடுகிறது. வேருக்கு நல்லதென்று நாம் அமிலத்தன்மை கூட்டி வைத்திருக்கும் நீரை இந்தக் கலவைக்குப் பயன்படுத்தக் கூடாது, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 6.5க்குக் கீழே போகாத நீரே ஏற்றது. தொட்டியில் உயிருள்ள ஸ்பாக்னம் பாசி இருந்தால் அதை ஒரு நெகிழித் தாளால் மூடிக்கொள்ள வேண்டும். தாமிரம் பாசியைக் கொன்றுவிடும். டென்ட்ரோபியம் தாமிரத்தைத் தாங்காத இனம் என்பதால், அலமாரியில் அது இருந்தால் தள்ளி வைத்துவிடுங்கள்.

கையுறையும் முகக்கவசமும் அணிந்து, செடிகளைத் திறந்த வெளிக்குக் கொண்டுபோய்த் தெளிப்பதே சரி. மீன்தொட்டி உள்ள அறையில் இதைத் திறக்கவே வேண்டாம். மீன்களுக்குத் தாமிரம் கடும் நஞ்சு. உலர்ந்த பிறகு கரும்பச்சை இலைகளில் வெளிறிய நீலப் படலம் வாரக்கணக்கில் நிற்கிறது. வரவேற்பறையில் பூச்செடியை அழகுக்காக வைத்திருப்பவருக்கு அது பிடிக்காமல் போகலாம். எனக்கு அது உதவியாகவே இருந்தது, ஏனெனில் தெளிப்பு எட்டாமல் போன இலையடிகளை அந்தப் படலமே காட்டிக்கொடுத்தது.

புதிய புள்ளிகள் குறைந்ததற்கான பெருமையை முழுவதும் இந்தத் தூளுக்குக் கொடுத்துவிட முடியாது. ஐந்தாம் மாதத்தில் அலமாரியின் ஓரத்தில் கையகல மின்விசிறி ஒன்றை இரவு பகலாக ஓடவிட்டேன். நீர் ஊற்றுவதையும் முற்பகலுக்கு மாற்றினேன். இலைகளின் இடுக்கில் விடியும்வரை நின்ற ஈரம் அதன் பிறகு இரவுக்கு முன்பே காய்ந்தது. தெளிப்பு மட்டும் இருந்த மாதங்களில் பழைய புள்ளிகள் நின்றன, ஆனால் புதிய புள்ளிகள் ஒன்றிரண்டாவது வந்துகொண்டே இருந்தன. விசிறி வந்த பிறகு அவையும் அரிதாகிவிட்டன. கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றை வாங்கத்தான் போதும் என்றால் விசிறியை வாங்குங்கள் என்றே சொல்வேன். தூள், புள்ளி பரவத் தொடங்கிய செடிக்கும் வெட்டுக்குப் பிந்தைய காப்புக்கும் உரியது. பழைய வழக்கப்படி மாதமொரு முறை தெளிப்பதை நான் விட்டுவிட்டேன். கடைசியாக டப்பாவைத் திறந்தது நான்கு மாதங்களுக்கு முன்பு, சிம்பிடியத்தின் ஓர் இலையை வெட்டிய நாளில்.