பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு: பிஎச்க்யூ-9-ஆ, எடின்பரோ அளவுகோலா?

பிஎச்க்யூ-9, எடின்பரோ அளவுகோல் இரண்டும் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, சில நிமிடங்களில் நிரப்பிவிடக்கூடிய வினாப்பட்டியல்கள்தான். இவற்றில் எதற்கு ஏற்புடைமை (அளக்க வேண்டியதையே அளக்கும் தன்மை) அதிகம் என்று உளவியல் மாணவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். யாரிடம், எதற்காகக் கொடுக்கப்போகிறோம் என்பதைச் சொல்லாமல் கேட்டால் இதற்குப் பதிலே கிடையாது.

பிஎச்க்யூ-9 முதல்நிலை மருத்துவ மையங்களுக்காக உருவானது. குரோன்கே, ஸ்பிட்சர், வில்லியம்ஸ் மூவரும் 2001-இல் வெளியிட்ட கட்டுரையில் அதைச் சோதித்துக் காட்டினார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு மனச்சோர்வுக்குச் சொல்லும் ஒன்பது அறிகுறிகள்தான் அதன் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வார நிலையை வைத்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. வழக்கமான எல்லை 10; அதைத் தொட்டால் மனச்சோர்வு இருக்கலாம் என்று கொள்வார்கள். உள்ளடக்கம் என்று பார்த்தால் குறை சொல்ல இடமில்லை.

சரி, அதையே குழந்தை பெற்று மூன்று வாரமான ஒரு தாயிடம் கொடுப்போம். தூக்கம் கெடுகிறதா? பச்சைக்குழந்தை இருக்கும் வீட்டில் அது தினமும் கெடும்: 3. அசதி? 3. நேரத்துக்குச் சாப்பிட முடியாமல் பசியும் மாறியிருக்கிறது: 3. ஆக 9. மனம் தெளிவாகவே இருக்கும் பெண் எல்லைக்கு ஒரு மதிப்பெண் தள்ளி நிற்கிறார். கவனம் சிதறுகிறது என்று ஒரு 1 போட்டால் எல்லையைத் தொட்டுவிடுவார்.

காக்ஸ், ஹோல்டன், சகோவ்ஸ்கி 1987-இல் எடின்பரோ அளவுகோலை உருவாக்கியது பழைய அளவுகோல்களிலும் இருந்த இதே சிக்கலை மனத்தில் வைத்துத்தான். பத்துக் கேள்விகள், கடந்த ஏழு நாட்கள், மொத்தம் 30. அசதியும் பசியும் அதில் இல்லவே இல்லை. தூக்கம் உண்டு, ஆனால் மகிழ்ச்சியே இல்லாததால் தூங்க முடியாமல் போனதா என்றுதான் கேட்கிறது. குழந்தை எழுப்பிவிட்ட இரவுகள் அந்தக் கணக்கில் வராது. எனக்கு இந்த ஒரு கேள்வியின் கட்டமைப்பு அவ்வளவு பிடிக்கும். காரணமில்லாத பயம், பதற்றம் பற்றியும் கேட்கிறது; அதனால் மனச்சோர்வோடு பதற்றமும் மதிப்பெண்ணில் கலந்துவிடுகிறது என்ற விமர்சனம் நியாயமானதே.

இதோடு எடின்பரோ ஜெயித்துவிட்டது என்று முடித்துவிடக் கூடாது. நேரில் பேசி மனச்சோர்வை உறுதிசெய்யும் மருத்துவ நேர்காணலோடு ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, தாய்மார்களிடமும் இரண்டும் ஏறக்குறைய சமமாகவே செயல்பட்டிருக்கின்றன. கேள்விகளைப் படித்து நாம் சொல்லும் தீர்ப்பும் நேர்காணல் தரும் தீர்ப்பும் இப்படி வேறுபடலாம். இந்த இரண்டு தீர்ப்பையும் பார்க்காமல் ஏற்புடைமை பற்றிப் பேசவே கூடாது.

எல்லை மதிப்பெண்ணும் அப்படித்தான். எடின்பரோவின் மூல ஆய்வு 12-க்கு மேல் என்று வைத்தது. தமிழ் வடிவத்தைச் சோதித்தபோது அதைவிடக் குறைந்த எல்லையே பொருந்தியது. பிரிட்டனின் எண்ணை அப்படியே இங்கே கொண்டுவந்தால் உதவி தேவைப்படும் தாய்மார்கள் சிலர் விடுபட்டுப்போவார்கள்.

பிரசவ வார்டிலும் தடுப்பூசி நாளிலும் என் தேர்வு எடின்பரோதான். கர்ப்பத்துக்கு முன்பிருந்தே சிகிச்சையில் இருப்பவரைத் தொடர்ந்து கவனிக்க வேண்டுமானால் பிஎச்க்யூ-9. பழைய மதிப்பெண்களோடு ஒப்பிடலாம். அப்புறம், இரண்டிலும் கடைசிக் கேள்வி தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதில் 0 தவிர வேறு எது வந்தாலும், மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தத் தாயை வீட்டுக்கு அனுப்பும் முன் உட்கார வைத்துப் பேச வேண்டும்.