சுங்கை சிப்புட் வட்டாரத்தில் காருக்குச் சப்வூஃபர் பொருத்துவோர் கவனத்திற்கு

தீபாவளி நெருங்கினால் எங்கள் தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் காருக்குச் சப்வூஃபர் (தாழ்ந்த, அதிரும் ஒலிக்கான ஸ்பீக்கர்) பொருத்தக் கிளம்பும் இளைஞர்கள் அதிகம் என்பதால், டவுனில் உள்ள ஒரு வாகன ஒலிக்கருவிக் கடையில் எனக்கு நேர்ந்ததை விவரமாகவே எழுதுகிறேன். விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருப்பதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை.

என் புரோட்டோன் சாகாவுக்கு 12 அங்குலச் சப்வூஃபர் ஒன்றையும் அதற்கேற்றதென்று அவர்களே எடுத்துக்கொடுத்த மோனோ ஆம்ப்ளிஃபையரையும் (ஒலியைப் பெருக்கிக் கொடுக்கும் கருவி) அங்கேயே வாங்கிப் பொருத்திக்கொண்டேன். ஒலி குறைவாக இருக்கும்வரை ஒரு குறையும் தெரியவில்லை. கொஞ்சம் கூட்டிவைத்து, பாட்டில் உருமி இறங்கும் இடம் வந்துவிட்டால் போதும், சப்வூஃபர் அடங்கிவிடும். ஆம்ப்ளிஃபையரின் பச்சை விளக்கு சிவப்பாகும். அணைத்துவிட்டுச் சற்றுப் பொறுத்துப் போட்டால் மீண்டும் ஓடும்.

காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, கடைக்காரர் சிவப்பு விளக்கைப் பார்த்த மாத்திரத்தில், "ஆம்ப் போயிடுச்சு தம்பி, இதுக்கு வாரண்டி இல்ல, கொஞ்சம் பெரிசா மாத்திக்குங்க" என்றார். மீட்டரை எடுக்கவில்லை, ஒரு திருகைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. 680 வெள்ளிக்கு (ரிங்கிட்) வேறொன்றைப் பொருத்தினார்கள். பழையது இனி இரும்புக்கடைக்குத்தான் என்று சொல்லி அவர்களே வைத்துக்கொண்டார்கள். புதியதும் அதே உருமி அடியில் அதே சிவப்பு விளக்கைக் காட்டியது. இம்முறை பேட்டரியை மாற்றச் சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன்.

செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக (மின்சாரப் பொறுப்பாளராக) இருக்கும் என் அத்தை மகன்தான் உண்மையைக் கண்டுபிடித்தார். சிவப்பு விளக்கு எரிந்தால் ஆம்ப்ளிஃபையர் கெட்டுவிட்டது என்று பொருளல்ல. மின்னழுத்தம் அளவுக்கு மீறிச் சரிந்தாலோ, ஸ்பீக்கர் பக்கத்தில் மின்தடை மிகக் குறைந்தாலோ, சூடு ஏறினாலோ, கருவி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடும் என்று முதலில் விளக்கினார். பிறகு என்ஜினை ஓடவிட்டு, பாட்டையும் ஓடவிட்டு, மல்டிமீட்டரை வைத்தார். பேட்டரி முனையில் 13.9 வோல்ட் இருந்த அதே நொடியில் ஆம்ப்ளிஃபையரின் முனையில் 10.6 வோல்ட்தான் இருந்தது. இடையில் காணாமற்போன 3.3 வோல்ட்டில் பாசிட்டிவ் வயர் 1.4 வோல்ட்டையும் எர்த் பக்கம் (கார்த் தகட்டோடு சேரும் இணைப்பு) 1.9 வோல்ட்டையும் விழுங்கியிருந்தன.

எர்த் வயரின் திருகைக் கழற்றியபோது காரணம் கண்ணுக்கே தெரிந்தது. பெயின்டைச் சுரண்டாமல், அதன் மேலேயே வளையத்தை வைத்து முறுக்கியிருந்தார்கள். திருகைச் சுற்றி வட்டமாகக் கருகியிருந்தது. பாசிட்டிவ் வயரோ, தடித்த ரப்பர் உறைக்குள் ஒளிந்திருந்த ஒல்லியான கம்பி. அதன் ஒரு இழையைக் கத்தியால் சுரண்டியதும் செம்பு நிறம் உதிர்ந்து வெள்ளையாகப் பளபளத்தது. அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. அது செம்பின் கடத்துதிறனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். என் ரசீதிலோ செம்புக் கம்பிக்கான விலை போடப்பட்டிருக்கிறது.

இதைவிட மோசமானது ஸ்பீக்கர் இணைப்பு. என் சப்வூஃபரில் 2 ஓம் (மின்தடையின் அளவு) சுருள்கள் இரண்டு உண்டு. பக்க இணைப்பாகக் கட்டினால் 1 ஓம், தொடர் இணைப்பாகக் கட்டினால் 4 ஓம். பழைய ஆம்ப்ளிஃபையரின் அடியிலேயே '2 ஓமுக்குக் குறையக்கூடாது' என்று அச்சிட்டிருக்க, இவர்கள் 1 ஓமில் கட்டியிருந்தார்கள். புதியதன் வரம்பும் அதே 2 ஓம்தான் என்னும்போது, அதை வாங்கவைத்ததை அறியாமை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

அத்தை மகன் சுருள்களைத் தொடர் இணைப்புக்கு மாற்றி, 21 சதுர மில்லிமீட்டர் அசல் செம்புக் கம்பியை இழுத்து, எர்த்தை வெற்றுத் தகட்டில் முறுக்கிக் கொடுத்தார். சக்தி சற்றுக் குறைந்தது உண்மைதான், ஆனால் அதன்பின் சிவப்பு விளக்கு எரியவே இல்லை.

இதையெல்லாம் கேட்கக் கடைக்குப் போன அன்றுதான், 'இரும்புக்கடைக்கு' என்று அவர்கள் வாங்கி வைத்துக்கொண்ட என் பழைய ஆம்ப்ளிஃபையர் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்திருப்பதைக் கண்டேன். தங்கை மகன் ஒட்டிய ஸ்டிக்கரின் பசைத்தடம்கூடப் போகவில்லை. பக்கத்தில் '350 வெள்ளி, நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதிய அட்டை. அதைப் படம் எடுத்துக்கொண்டேன். கடைக்காரர் அதன்பின் என்னிடம் பேசவில்லை.

1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சேவை வழங்குபவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் வேலை செய்தாக வேண்டும். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் மனுவுக்கான கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை, பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். ரசீது, அலமாரிப் படம், கருகிய திருகு, அலுமினியக் கம்பித் துண்டு ஆகியவற்றோடு பதிந்துவிட்டு, விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன்.

அதற்குள் இதை எழுதக் காரணம் ஒன்று உண்டு. என் காரில் பேட்டரியிலிருந்து பின்பக்கம்வரை ஓடிய பாசிட்டிவ் வயரில் ஃபியூஸே இல்லை. பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஒன்று இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வயர் எங்கேனும் உரசித் தகட்டைத் தொட்ட மாத்திரத்தில் தீப்பிடிக்கலாம். இந்த வட்டாரத்தில் சப்வூஃபர் பொருத்தியவர்கள் இன்றே போனட்டைத் திறந்து பாருங்கள். ஃபியூஸ் இல்லையென்றால் அந்த வயரைப் பேட்டரி முனையிலிருந்து கழற்றி, நுனியை டேப்பால் சுற்றிவிட்டு, ஃபியூஸ் வைத்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.