ரங்க சங்கராவில் ‘லியர் மன்னன்’: முன்கூட்டியே அணைந்த விளக்கு

பெங்களூரு ஜெ.பி. நகரில் 2004-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ரங்க சங்கரா, துன்பியல் நாடகம் பார்ப்பதற்கு இந்நகரில் நான் அறிந்தவற்றுள் மிகப் பொருத்தமான அரங்கம். நாடகம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடுவதில்லை என்பதில் அவர்கள் உறுதியாக இருக்கிறார்கள். பின்னால் வரும் அத்தனை அழிவுக்கும் முதல் காட்சியிலேயே வித்திட்டுவிடும் ஷேக்ஸ்பியரின் ‘லியர் மன்னன்’ போன்ற நாடகத்துக்கு இந்தக் கண்டிப்பு பெருந்துணை. இருக்கை வரிசைகள் நன்றாக உயர்ந்து செல்வதால், பின்வரிசையில் இருப்பவருக்கும் நடிகரின் முகம் தெரிகிறது.

நகரத்துத் தமிழ்க் குழு ஒன்று அண்மையில் இங்கு மேடையேற்றிய லியரில் மொழி இயல்பாக ஒலித்தது. புயல் காட்சியில் கூச்சல் இல்லை. லியரின் மூத்த மகள்களான கானரில், ரீகன் இருவரின் உடல்களையும் மூலத்தில் உள்ளபடியே மேடைக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே, இறந்துபோன இளைய மகள் கொர்டீலியாவைச் சுமந்துகொண்டு லியர் நுழைந்தபோது, தொடக்கத்தில் கொலுவில் கூடிய தந்தையும் மூன்று மகள்களும் மீண்டும் ஒருங்கே இருந்தார்கள். அந்த அமைப்பைச் சிதைக்காமல் காட்டியதற்காகவே இக்குழுவைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் லியர் உயிர்விட்ட கணத்தில் விளக்குகள் அணைந்தன, கைதட்டல் எழுந்தது, நாடகம் முடிந்தது. மூலத்தில் அதன்பின் இருபது வரிகளுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கின்றன என்றாலும், அவற்றை வெட்டியது பெரிய இழப்பு.

ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனின் திறந்தவெளி அரங்குகளில் நாடகம் பகல் வெளிச்சத்தில் நடந்தது. மேடைக்கு முன்திரை கிடையாது. இறந்தவர்களைப் பார்வையாளரின் கண்ணெதிரே சுமந்து செல்ல வேண்டும். அதற்கு ஆணையிட ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். எஞ்சியவர்களில் உயர்நிலையில் இருப்பவர் இறுதி வார்த்தை பேசுவது மரபு. மேடையின் இந்தத் தேவையிலிருந்தே, மரணத்துக்குப் பின் நாட்டை யார் தாங்குவது என்ற கேள்வியை நாடகாசிரியர் எழுப்புகிறார். கானரிலின் கணவர் ஆல்பனி, கெண்ட், எட்கர் என்ற இரு பிரபுக்களிடம் ஆட்சியை ஒப்படைக்க முன்வரும்போது, லியருக்கு விசுவாசமான கெண்ட், இறந்த தன் தலைவன் தன்னை அழைப்பதாகச் சொல்லி விலகுகிறார். இறுதி வரிகள் 1608-ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆல்பனிக்கும், 1623-ஆம் ஆண்டுத் தொகுப்பில் எட்கருக்கும் தரப்பட்டிருக்கின்றன. ஆல்பனி பேசினால் பதவி பேசுகிறது. பார்வையிழந்த தந்தையைக் கைபிடித்து நடத்திய எட்கர் பேசினால் பட்ட துன்பம் பேசுகிறது. நான் எட்கரின் பக்கம்.

துன்பியலை மரணத்தோடு நிறுத்திவிடாத வழக்கம் நமக்கும் புதிதன்று. இறந்தவருக்கான சடங்கை ஒட்டி ‘கர்ண மோட்சம்’ கூத்து ஆடப்படும் ஊர்களில், கர்ணன் சாய்ந்த பிறகும் அழுவதற்கு ஆட்கள் மேடையில் இருக்கிறார்கள். கிரேக்க மேடையிலோ சாவு பெரும்பாலும் உள்ளே நிகழும். தூதன் வந்து சொல்ல, குழுப்பாடகர்கள் அதைத் தாங்கிக்கொள்வார்கள்.

1681-இல் ஆங்கிலக் கவிஞர் நேஹம் டேட் இந்நாடகத்தைத் திருத்தி எழுதி, கொர்டீலியாவை உயிர்பிழைக்க வைத்து எட்கருக்கு மணமுடித்தார். அந்த இன்ப முடிவு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கில மேடையில் செல்வாக்கோடு இருந்தது. இக்குழு அப்படி எதையும் மாற்றவில்லை. எனினும், லியரோடு சேர்ந்து இருளுக்குள் போய்விடும் பார்வையாளர், மீந்தவர்களின் சுமையைப் பார்க்காமலே தப்பிவிடுகிறார். அதுவும் ஒருவகை ஆறுதல்தான்.

நடிப்புக்காகவும் மொழிக்காகவும் இந்நாடகத்தைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். நுழைவுச்சீட்டை முன்பதிவு செய்துகொண்டு, நேரத்துக்கு முன்பே போய்விடுங்கள். அடுத்த மேடையேற்றத்தில் கெண்ட் மறுக்கட்டும், எட்கர் பேசட்டும், உடல்களைத் தூக்கிச் செல்லும்வரை விளக்கு எரியட்டும் என்று குழுவினரை வேண்டிக்கொள்கிறேன்.